சுமைச் சீட்டு

சாலை என்று சொன்னதும்
நான்குவழிச்சாலையை எதிர்க்கும் கூட்டம் என்றுதான் நினைத்தேன்.
முஞ்சிறை தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டம்.
பதினோரு பேர், இடுப்பில் கைத்தறி,
கையில் கமுகுத் தடியில் சீவிய வேல்.
படிப்பும் படையும் ஒருசேர நடந்த சாலையாம்.
ஆய் மன்னர் காலமாம்.
"காலையில ஏடு, சாயங்காலம் வாள்"
என்றார் சுயம்புலிங்கம்.
மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர்,
எதையும் இரண்டு தடவை பார்த்த பிறகே நம்புவார்.

கைக்கடிகாரத்தைக் கழற்று என்றார்.
கழற்றினேன்.
கண்ணாடியைக் கழற்று என்றார்.
மைனஸ் நாலரை, அண்ணே.
"ஒன்பதாம் நூற்றாண்டுல மைனஸ் கெடையாது."

அன்றைய போரில் நான் வீழ்த்தியவை
எங்கள் தரப்பு பெர்க்மான்ஸ்,
பால் நிறைந்த இரண்டு சிரட்டை.
"ரப்பர் மரமே அப்போ கெடையாதுல்லா"
என்று வேரடியில் கிடந்தபடி முனகினான்,
"பின்ன நான் எதுல போய் முட்டினேன்?"

மார்த்தாண்டத்தில் எனக்குத் தையல் கடை.
மூன்று மோட்டார் எந்திரங்கள் பார்த்துக்கொண்டிருக்க
ஒரு மேலாடையின் ஓரத்தை
இருபது இரவு கையால் தைத்தேன்.
எந்திரத் தையல் என்றால்
இருபதடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார் அந்த மனிதர்.
திட்டிக்கொண்டேதான் தொடங்கினேன்.
ஐந்தாம் இரவோ ஆறாவதோ
நூல் துணிக்குள் போகும் சத்தம் கேட்டது.
பதினெட்டு வருடத் தொழிலில்
அதை நான் கேட்டதே இல்லை.

மதியச் சோற்றுக்கு வத்தல் ஆகாது. மரச்சீனி ஆகவே ஆகாது.
கப்பலேறி வந்ததெல்லாம்
இன்னும் எழுநூறு வருசம் கடலிலேயே கிடக்கட்டும்.
அவித்த காச்சில், சேம்பு,
நல்லமிளகும் தேங்காயும் அரைத்த சாளைக்கறி.
பெர்க்மான்ஸ் இனயத்துக்காரன்.
ஒரு வாய் வைத்துவிட்டு
வெகுநேரம் மேற்கே பார்த்தான்.
"மீனுக்கு நாம செய்த பாவம்" என்றான்.
எனக்குப் பிடித்திருந்தது, சொல்லவில்லை.
அந்தக் காரம் உடனே வராது,
விழுங்கிய பிறகு
தொண்டையில் வந்து கதவைத் தட்டும்.

ஊர்க்காரர்கள் முன்னால் நடத்துவதற்கு முந்தைய நாள்
சுயம்புலிங்கம் ஏட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:
"ரோஸ்லெட்டு, சாலைக்குள்ள பொம்பள கெடையாது.
நீ அடுப்பு பக்கம் நில்லு. அசல்னா அசல்."

வேலைத் தரையில் ஊன்றினேன்.
"அப்படியா? பின்ன முழுசா அளப்போம்.
ஒங்க பாட்டனுக்க பாட்டன் அன்னிக்கு எங்க இருந்தாரு?
பனை உச்சியில.
பெர்க்மான்ஸுக்க ஆளு கடல்ல.
எனக்க ஆளு அந்த மதிலுக்கு
எத்தனை அடி தள்ளி நிக்கணும்,
மீட்டர் பாக்கிறவருதானே, பாத்துச் சொல்லும்."

எங்கோ ஒரு ரப்பர்க்காய் வெடித்தது.
பன்னிரண்டு பேர் நின்ற தோட்டத்தில்
உள்ளே நுழைய உரிமையுள்ளவர்
ஒருவரும் இல்லை.
பெர்க்மான்ஸ்தான் முதலில் சிரித்தான்.
"பின்ன நாளைக்கு யாரு நடிக்கா? மரமா?"

சுயம்புலிங்கம் சிரிக்கவில்லை.
ஏட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.
பிறகு தன் பையிலிருந்து என் கண்ணாடியை எடுத்து
வேட்டி முனையில் துடைத்தார்.
"வாசல்ல நில்லு. வேலோட.
வர்றவன் யாருன்னு கேக்காம உள்ள விடணும்."
எந்தக் கல்வெட்டில் இருக்கு இது, அண்ணே?
"இல்ல.
அதனால தையலு வெளியத் தெரியக் கூடாது."

மறுநாள் பாதிப் போரில் மழை.
சாயம் இறங்கி எல்லாத் தரப்பும் ஒரே நிறமானது.
ஐஸ் வண்டிக்காரரை நான் யாரென்று கேட்கவில்லை,
மணியடித்துக்கொண்டே உள்ளே போனார்.
கறியில் யாரோ வத்தல் போட்டிருந்தார்கள்.
சுயம்புலிங்கம் இரண்டாம் முறை வாங்கித் தின்றார்,
கணக்கில் எழுதவில்லை.

திரும்பும் பேருந்தில்
கண்டக்டர் வேலை மேலும் கீழும் பார்த்தார்.
"இதுக்குச் சீட்டு எடுக்கணும். என்ன, நாடகமா?"
"வாசக்காவல்" என்றேன்.
முஞ்சிறை முதல் மார்த்தாண்டம் வரை, சுமை ஒன்று,
தேதி, நேரம், ரூபாய்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இரண்டு முறை வாசித்தேன்.
அந்த வேல் உண்மை என்பதற்கு
என்னிடம் உள்ள ஒரே சான்று.
ஈரக் கையில் அதுவும்
மெல்ல அழிந்துகொண்டிருந்தது.