கூண்டு இறங்கினதும்

பாம்பன் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், மனு எழுதித் தரப்படும்.
மனு எழுதுவது நான்.
பக்கத்துக்கு அறுபது ரூபாய்,
ஆங்கிலம் என்றால் நூற்றிருபது.

பிலோமி வந்தபோது கரண்ட் போயிருந்தது.
வந்தபோது என்று எழுதிவிட்டேன்,
அது போனது காலையிலேயே.
பையிலிருந்து எடுத்துவைத்தாள்:
ஆதார் அட்டை, டீசல் மானியப் புத்தகம்,
கல்யாண ஆல்பத்தில் தன்னை வெட்டிக் கழித்துவிட்டு
மிச்சம் வைத்த இன்னாசி.

"கூண்டு இறங்கினதும் போறேன்னு சொன்னாக."

அவ்வளவுதான் வாக்குமூலம்.
பதினோரு நாளாக இதையேதான் சொல்கிறாள்,
மீன்துறையில், மரைன் போலீசில், பங்குச் சாமியாரிடம்.
யாருக்கும் அதில் ஓட்டை தெரியவில்லை.
எனக்கும் தெரிந்திருக்காது,
இன்சூரன்ஸ்காரர்கள் ஆங்கிலத்தில் கேட்காமலிருந்தால்.

இறங்கியது, அப்புறம் சொன்னானா?
இறங்கட்டும், அப்புறம் போகிறேன் என்றானா?
தமிழில் இரண்டும் ஒரே வள்ளத்தில் ஏறிக்கொள்ளும்,
கடைசியில் வரும் 'னு'
ஒற்றைக் கயிற்றில் கட்டிக் கரைசேர்த்துவிடும்.

அங்கே அப்படியில்லை.
முதலில் 'ஹீ செட்'. சொன்னவன் அணியத்தில் நிற்கவேண்டும்.
அடுத்து 'தட்'.
அதற்கப்புறம்தான் அவன் வாயிலிருந்து வந்தது.
'வென்'னை எங்கே வைக்கப்போகிறாய் என்கிறது தாள்.
'ஹீ செட்'டுக்கு முன்னால் வைத்தால்
கம்பம் வெறுமை, கடல் சொன்னபடி கேட்கிறது,
இன்னாசி வலையை உதறிக்கொண்டே சொல்கிறான்.
'தட்'டுக்குப் பின்னால் வைத்தாலோ
மூன்றாம் எண் இன்னும் தொங்குகிறது.
பொறுத்தானா, பொறுக்காமல் போனானா
வாக்கியத்துக்குத் தெரியாது.
கூண்டு நிற்கும்போது போனவனுக்குப் பணம் இல்லையாம்.

இதில் இன்னொன்று.
இறங்கவே இறங்காத கூண்டைக்கூட
'வென்' வந்துவிட்டால், சொன்னது நேற்றாகிவிட்டால்,
இறங்கியதுபோலத்தான் அந்த மொழி எழுதும்.
போறேன், 'வுட் கோ'.
நாளைக்கு, மறுநாள்.
நான், அவன்.

"அக்கா, சொன்னது எப்ப?
கூண்டு எறக்குறதுக்கு முந்தியா, பிந்தியா?"

பாலத்தில் ரயில் போய் முடியும்வரை பேசவில்லை.
"புளிக்கொழம்பு கொதிக்கையில."
"அப்ப கூண்டு?"
"அடுப்படியில இருந்து கூண்டு தெரியாதே."

பிறகு அவளாகவே:
"கடலுக்குன்னு நானா நெனச்சுக்கிட்டேன்.
ராத்திரி படுத்தா, கடைக்குன்னு சொன்னாகளோன்னு வருது.
விடிஞ்சா வள்ளமும் இல்ல."

கரண்ட் வந்தது. ஃபேன் தாள்களைக் கலைத்தது.
அடித்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன்:
கூண்டு இறங்கியதும் தான் செல்வதாக அவர் கூறினார்.

"இப்படியெல்லாம் பேசமாட்டாக."
முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.
"எப்பவும் போயிட்டு வாறேம்பாக.
அன்னைக்குப் போறேன்னுட்டாக.
வாறேன்னு சொல்லுங்கன்னு சொல்லணும்னு நெனச்சேன்,
நெனைக்கயில கொழம்பு பொங்கிருச்சு."

இதற்கு எந்த இடத்தில் 'ஹேட்' போடுவது?
நினைத்தாள், சொல்ல நினைத்தாள்,
அவன் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லச்சொல்ல நினைத்தாள்,
பொங்கியபோது.
மூன்று முறை அடித்து மூன்று முறை அழித்தேன்.

கடைசியில் முதல் வரியில் குழம்பைக் கொதிக்கவிட்டேன்.
அது ஒன்றுதான் அவள் பார்த்தது.
மிச்சத்தை மேற்கோளுக்குள் போட்டு,
காலத்தை மாற்றாமல், ஆளை மாற்றாமல்
'போறேன்' என்று தமிழிலேயே விட்டேன்.
வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.

கையெழுத்துப் போட்டாள். ஒற்றுப்பிழை இருந்தது, தொடவில்லை.
அவள் போனதும்
போனதும் என்றால், தெருமுனை திரும்பி
நேரம் கொஞ்சம் ஆனபின்
வாசலுக்கு வந்து எக்கிப் பார்த்தேன்.
இங்கிருந்தும் கூண்டு தெரியவில்லை.