அப்பன் கொழுப்பு

சின்ன வயதில் வாய்க்கு வாய் பேசினால்
அம்மா சொல்வாள்:
அப்பன் கொழுப்பு அப்படியே இறங்கியிருக்கு.
பகாவ் கிளினிக்கில், இருபத்திரண்டாம் வாரம்,
மிசி ரொஹானா ரத்தத் தாளைத் திருப்பிக் காட்டினார்.
ஒன்பது புள்ளி எட்டு.
அம்மா அளந்துதான் திட்டியிருக்கிறாள்.

ஆறு வருஷம் கூடவே வந்த இரவு மாத்திரையை
இரண்டு கோடு தெரிந்த அன்றே
நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர்.
இப்போது ஒரு தூள்.
கரையாது. டம்ளரில் மிதந்தபடி நம்மையே பார்க்கும்.
ஆரஞ்சு வாசனையில் ஆற்று மணல்.
அதற்கும் சத்து மாத்திரைக்கும் ஆகாது;
சண்டைபோட்ட சம்பந்திகளைப் போல
நாலு மணி நேரம் தள்ளித் தள்ளிப் பரிமாற வேண்டும்.
எண் இன்னும் ஏறுமாம்.
பிள்ளை கட்டவும் கொழுப்பு வேண்டுமாம்.

நான் ஆலையில் எடைமேடைக் கிராணி.
லாரி குலையோடு ஏறும், வெறுமையாய்த் திரும்பும்,
கழித்து எழுதுவேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நாள் முழுக்க எண்ணெய்ப் பழம் சிவக்கச் சிவக்கப் போகிறது.
இந்தப் பக்கம் நான் ஓட்ஸ் தின்கிறேன்.
பசியாறியாச்சா என்று கேட்டுக்கொண்டே
ஆளுக்கொரு வைத்தியம்:
தேங்காய்ப்பாலை நிறுத்து, பூண்டை விழுங்கு,
ரொட்டி சானாய் பக்கமே போகாதே.
போகவில்லை அண்ணே.
வாய்வழியாக வந்ததில்லை இது என்றால்
யாரும் நம்புவதில்லை.

அப்பா இ.பி.எஃப் பணத்துக்கு வாரிசு எழுதவில்லை.
அம்மா மூன்று வருஷம் அலைந்தாள்.
இது மட்டும் பாரம் நிரப்பாமலே வந்து சேர்ந்தது.
அவர் குதிகால் நரம்பில் இரண்டு முடிச்சு இருந்தது.
பூட்ஸ் கடித்தது என்பார்.
நாற்பத்தொரு வயதில், குலை ஏற்றும் இடத்தில்,
குத்துக்கம்பியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.
எழவில்லை.
கம்பியை மெதுவாகத்தான் வைத்தாராம்.

தம்பி குணாளன் ரத்தம் கொடுக்க மாட்டான்.
தெரியாதவரை இல்லை என்பது அவன் கட்சி.
போன ஞாயிறு காற்றாடி மாட்ட வந்தான்.
நாற்காலியில் ஏறினான்.
என் கண் மட்டத்தில் அவன் குதிகால்.
"ஷூ கடிச்சிடுச்சிக்கா,"
நான் கேட்கவே இல்லை.
நைட்டியைக் கொஞ்சம் தூக்கி
என் காலைத் திருப்பிக் காட்டினேன்.
காற்றாடி அன்றைக்கு மாட்டப்படவில்லை.

வியாழன் மத்தியானம், மேடையில் லாரி நிற்க,
போனில் அவனிடமிருந்து ஓர் எண்.
எட்டு புள்ளி ஒன்று.
வேறு ஒரு வார்த்தை இல்லை.
எடைச்சீட்டின் ஓரத்தில் என்னுடையதை எழுதி
அதன் கீழ் அவனுடையதை எழுதினேன்.
அதற்கும் கீழே கொஞ்சம் இடம் விட்டேன்.
பாதிக்குப் பாதி என்றிருந்தார் டாக்டர்.

வெளியே ஹார்ன் மேல் ஹார்ன்.
உள்ளே ஓர் உதை, விலா எலும்புக்கே.
"கொழுப்பைப் பாரேன்," என்றேன் சத்தமாக.
தன்னைத்தான் சொன்னேன் என்று நினைத்து
லாரிக்காரர் கையை எடுத்துக்கொண்டார்.