நான்கு சங்கிலிகள்

கணவனைக் குடி கொண்டுபோன மறுவருடம்
யூஃபீமியா கின்னியர்
டண்டீ பூங்காவில் இதைக் கட்டிவைத்தாள்.
குடியை விடச் சொல்லிக்
குடிக்கத் தந்த தண்ணீர்.
நான்கு இரும்புக் குவளைகள், சங்கிலியில்.

திறந்த அன்றிரவே
சணல் ஆலைக்காரர்கள்
விஸ்கியில் கலக்க இதில்தான் பிடித்தார்கள்.
அவளிடம் யாரும் சொல்லவில்லை.

விஷக்காய்ச்சல் ஆண்டில்
நகராட்சி குவளைகளை அறுத்தது.
போர் வந்து கிராதியைத் தின்றது.
தண்ணீர் என்றைக்கு நின்றது?
பழைய பேரேட்டில் தேடினேன்;
குழாய் ரிப்பேர், மூன்று ஷில்லிங்,
அதற்குப் பின் வெறும் பக்கங்கள்.

சங்கிலிகள் இருக்கின்றன.
காற்றடித்தால் கல்லில் மோதும்.

நேற்று நல்ல மழை.
தொட்டியில் இரண்டு விரற்கடை நீர்.
ஒரு நாய் நக்கிக் குடித்தது.
பின்னால் தள்ளாடி வந்தவன்,
பாக்கெட்டில் புட்டியைத் தடவியபடி,
"எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றான்.