நூறு மூச்சுக்கு ஒன்று

மோட்டார் ஓடவில்லையென்றால்
எல்லாரும் காயிலைத்தான் சந்தேகப்படுவார்கள்.
நான் முதலில் சப்ளையைப் பார்ப்பேன்.
இருபத்திரண்டு வருஷம்
புளியந்தோப்பில் பாதி போர்வெல்
என் கை பட்டுத்தான் தண்ணீர் ஏற்றியது.

டாக்டரிடமும் அதையே சொன்னேன்:
காயில் நல்லா இருக்கு,
பேரிங் நல்லா இருக்கு,
மேல மெயின் கட்.
சொன்னேன் என்றால், தொண்டையில் குழாயோடு
உதட்டை அசைத்தேன்.
கோமளா படித்துச் சொன்னாள்.

அவர் மருந்துச்சீட்டின் பின்பக்கம் ஒரு குடை வரைந்தார்,
நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே.
கழுத்திலிருந்து அதற்கு இரண்டு கோடு இழுத்தார்.
"குடை கிழியல. நரம்பும் உயிரோடதான் இருக்கு.
விரின்னு சொல்ல ஆள் இல்ல, அவ்வளவுதான்."

பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபம்,
மொட்டைமாடி டேங்க், இரும்பு ஏணி.
அதைப் பற்றி வேறொரு நாள்.

இப்போது காறை எலும்புகளுக்குக் கீழே
தோலுக்குள் பக்கத்துக்கொரு வில்லை.
வில்லை மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய வளையம்.
வளையத்திலிருந்து ஒயர். ஒயர் போய் முடிகிற இடத்தில்
தலைமாட்டில், டிபன் பாக்ஸ் அளவு ஒரு பெட்டி.
அது கூப்பிடும். குடை விரியும்.
நிமிஷத்துக்குப் பன்னிரண்டு.

பேச்செல்லாம் விடுகிற மூச்சில்தான்.
இழுக்கிற மூச்சு வந்துவிட்டால்
வார்த்தை
பேசின் பிரிட்ஜ் சிக்னலில் ரயில் மாதிரி நிற்கும்,
அப்புறம் கிளம்பும்.
ஒருத்தரைத் திட்டி முடிக்க நாலு மூச்சு வேண்டும்.
அதற்குள் கோமளா அடுப்படிக்குப் போயிருப்பாள்.

டிசம்பர் மழையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த ராத்திரி
ஹவுசிங் போர்டே இருட்டு.
பெட்டி பேட்டரியில் ஓடியது.
அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தபடி,
கையால் அமுக்குகிற காற்றுப்பையை மடியில் வைத்து,
உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
விடிந்தபோது கவனித்தேன்,
அவளும் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு
விட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு குறை இருந்தது.
ஒருநாள் அழுதேன். காரணம் சின்னது,
என் டூல்ஸ் பையை எடைக்குப் போட்டுவிட்டார்கள்.
கண் அழுதது. மூச்சு அழவில்லை.
டூட்டிக்குப் போகிற ஆள்போல
வந்தது, போனது, வந்தது.
ஒரு விம்மல் இல்லை. ஒரு பெருமூச்சு இல்லை.

மூன்று மாதத்துக்கொருமுறை
பர்வீன் மேடம் லேப்டாப்போடு வருவார்
கரண்ட் அளவு சரிபார்க்க.
"ஒரு பெருமூச்சு வைக்க முடியுமா மேடம்?"
கேட்டது கோமளா.
அவர் சிரிக்கவில்லை.
"நுரையீரலுக்கும் நல்லதுதான்" என்று தட்டினார்.
நூறு மூச்சுக்கு ஒன்று, கொஞ்சம் ஆழமாக.
கணக்குப் போட்டால்
எட்டு நிமிஷம் இருபது நொடி.

இப்போது வருகிறது,
எதோடும் சம்பந்தமில்லாமல்.
குழம்பு பிரமாதம் என்று சொல்லி வாய் மூடுமுன் வருகிறது.
"எதுக்கு இப்போ?" என்று கரண்டியோடு திரும்புவாள்,
பிறகு பெட்டியைப் பார்ப்பாள்.
மச்சான் துளசிங்கம் வாடகை பாக்கியைப் பேசும்போது
ஒருதரம் சரியாக வந்து விழுந்தது.
எழுந்துபோகையில் டிவி மேல் இரண்டாயிரம் வைத்துவிட்டுப் போனான்.

நேற்று வினோதினி கோயம்புத்தூருக்குக் கிளம்பினாள்,
ஹாஸ்டலுக்கு. பெட்டி, வாளி, தலையணை.
வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு
"வரேன்பா" என்றாள்.

காலையிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன்.
தொண்ணூற்று நாலு.
"ஆட்டோ
வந்துடுச்சா?"
"கீழ நிக்குதுப்பா."
தொண்ணூற்று ஆறு.
"சார்ஜர்?"
"எடுத்துட்டேன்."
"குடை?"
பையைத் தட்டிக் காட்டினாள்.
தொண்ணூற்று எட்டு.
வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

படியில் அவள் செருப்புச் சத்தம்
இரண்டாம் மாடி திரும்பியபோது வந்தது,
நெஞ்சுக்கூடு முழுக்க விரிந்து, மெதுவாக இறங்கி.

கோமளா பெட்டியைப் பார்க்கவில்லை.
என்னைத்தான் பார்த்தாள்.