ஓர் அரிசி அளவு

இரவெல்லாம் ஆலையில்
இதய வடிவ இஞ்சி ரொட்டிகளுக்குச்
சர்க்கரைப் பாகால் ஓரம் கட்டுகிறேன்.
தோருன் நகரத்துக் காதலர் பாதிப்பேர்
என் கைவழியே போனவர்கள்தான்.
விஸ்துலா பாலத்தில் முதல் பேருந்து ஊர்கையில்
நகக்கண்ணில் இன்னும் இனிப்பு.

வீட்டில் முதல் வேலை கை கழுவுவது.
அடுத்தது
ஷ்செப்பானின் வாயைத் திறப்பது.
பதினான்கு மாதம். ஆறு பல்.
ஏழாவது ஈறுக்குள் முட்டிக்கொண்டிருக்கிறது.
பூட்டிய உதடு.
அக்குளில் விரல் விட்டால் சிரிப்பான்,
அந்தச் சிரிப்புக்குள் நுழைய வேண்டும்
திருடனைப் போல.

"அப்பா, அதிகம்!"
குளியலறை வாசலில் யாக்னா.
வயது ஐந்து.
டப்பாவிலிருந்து நிஜ அரிசி ஒன்றை எடுத்துவந்து
பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்து அளக்கிறாள்.
அரிசியை மிஞ்சிய ஸ்ட்ராபெர்ரிப் பசையை
விரலால் வழித்து என் சட்டையில் துடைக்கிறாள்.
அவளுக்குப் பட்டாணி அளவு.
அதில் ஒரு கர்வம்.

மேல்வரிசையில் முன்பல் நான்கும் அவளுக்கு இல்லை.
விழவில்லை, எடுத்தார்கள்.

ராஸ்பெர்ரிச் சாறு கலந்த தேநீரைப்
பால்புட்டியில் ஊற்றி
இரவிரவாகத் தொட்டிலுக்குள் நீட்டியது நான்.
அவள் தூங்கினாள், நானும் தூங்கினேன்.
தூங்காதது அவள் வாய்க்குள் இருந்தது.
முதலில் ஈறோரம் ஒரு சுண்ணாம்புக் கோடு.
பால் ஒட்டியிருக்கிறதென்று துணியால் துடைத்தேன்.
பிறகு தேன் நிறம்.
பிறகு நான் சுடும் ரொட்டியின் நிறம்.
பால்பல்தானே, விழப்போவதுதானே என்று
ஹால்ஷ்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்,
ஒரு நள்ளிரவில்
வலி தாங்காமல் தலையணையைக் கடிக்கப் போய்
கடிக்கவும் முடியாமல்
மகள் என்னைப் பார்க்கும்வரை.

மருத்துவர் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
மயக்க மருந்துக்குச் சம்மதம் கேட்டுத் தாளை நீட்டினார்.
கையெழுத்தில் என் பெயர் பிசுபிசுத்தது.

பல் போனால் சொல் போச்சு என்பதெல்லாம்
கிழவர்களுக்கு என்றிருந்தேன்.
தம்பி பிறந்ததும்
பெயர் சொல்லிக் கூப்பிட ஓடிவந்தாள்.
எங்கள் மொழி தன் மெய்யெழுத்துகளையெல்லாம்
ஒரே வாசலில் நெருக்கித் தள்ளும் பெயர் அது.
அவள் வாசலிலோ நிலைப்படியே இல்லை.
"தெப்பான்" என்று வந்தது.
பெயரை மாற்றிவிடலாமா என்றாள் ஹால்ஷ்கா.
பதிவு முடிந்திருந்தது.

இப்போது கண்ணாடி முன் ஸ்டூலில் ஏறி
தனக்குத்தானே உத்தரவு போடுகிறாள்:
துப்பு. கொப்பளிக்காதே.
இடைவெளி வழியே அவள் துப்பினால்
தொட்டியின் ஓட்டைக்குள்ளேயே விழும்.
இந்தத் தெருவில் யாருக்கும் வராத வித்தை.
அவள் துலக்கி முடித்த பிறகு
கடைவாய்ப் பக்கம் நான் ஒருமுறை துலக்குகிறேன்.
பொறுத்துக்கொள்கிறாள்.

ஆறு பல்லும் முடிந்தது.
ஷ்செப்பான் பிரஷ்ஷை விடாமல் சப்புகிறான்.
அந்த ஓர் அரிசி ஜன்னலோரம் கிடக்கிறது, நாளைக்கு.
"தெப்பான்!" என்கிறாள் அக்கா.
சட்டென்று திரும்புகிறான்.

நான் சரியாகக் கூப்பிட்டால்
மெதுவாகப் பார்ப்பான்.
சில நாள் பார்ப்பதுமில்லை.