அப்பாத்

ஆனையூர். தண்ணீர் டேங்க் நிழலில்
மொட்டை மாடியில் ஏழு பேர்.
சொல்லித்தருபவன் இன்பச்செழியன்,
தாவாவ் போய் டாக்டருக்குப் படித்துவிட்டு
இங்குள்ள பரீட்சையில் இரண்டு தரம் தவறியவன்.
என் வயதில் பாதி.

இஸா, தலாவா, தத்லோ, அப்பாத்.
நாலாவது மட்டும் எனக்கு
ஆபத்து என்றே கேட்கிறது.

பிரம்பைத் தந்ததும்
விரல்கள் பழைய பிடிக்குப் போய்விட்டன.
"முன்னமே கத்துக்கிட்டீங்களா டீச்சர்?"
பத்தொன்பது வருஷம், ஆறாம் வகுப்பு பி பிரிவு, கணக்கு.
சொல்லவில்லை.

தலையைத் தேடாதீங்க, கையைத் தேடுங்க.
பல் போன பாம்பு
வெறும் கயிறு.

எதிரில் ஜெயக்கொடி.
விடிகாலை இரண்டு மணிக்கு மாட்டுத்தாவணியில்
மல்லிகை நிறுப்பவள்.
கொட்டாவி விடுகிறாள், அடி தப்புவதில்லை.

அப்பாத், என்றான்.
முழங்கைக்கு வரும் அடி.
கம்பில்லாத என் இடக்கை
தானாக நீண்டது,
உள்ளங்கை வானம் பார்க்க.
கணுவில் இறங்கியது.

"ஐயோ, கையை ஏன் நீட்டுனீங்க?"

வெறுங்கைதான் உயிருள்ள கை,
அதை நெஞ்சோடு வைத்திருக்கணும் என்று
மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.
நான் அதை அக்குளில் செருகியிருந்தேன்.
தவசிலிங்கம் அப்படித்தான் செருகுவான்.
ஏழாம் வாய்ப்பாடு, ஏழெட்டில் நின்றுவிடும் அவனுக்கு.
நீட்டு, என்பேன்.
நீட்டுவான்.

அஞ்சாவது, வயிற்றுக்கு ஒரு குத்து.
அதற்குள் ஜெயக்கொடி
கம்பைக் கீழே போட்டுவிட்டு
ஐஸ் இருக்கா என்று கேட்க
கீழ்வீட்டுக்கு ஓடியிருந்தாள்.