ஒரு சொட்டு

டிக்கோயா வீதியில் மூன்றாவது வளைவு.
தகரக் கூரைக்குக் கீழே இரண்டு வாகனம் நிற்கலாம்.
வெளியே கழுவுவது ரொபின்சன்.
உள்ளே கழுவுவது நான்.

உள்ளே என்றால்
சீட்டின் இடுக்கில் விரலை விட்டு
கச்சான் கோது, பஸ் டிக்கட், கொண்டை ஊசி,
ஒருதரம் ஒரு பால்பல்,
எல்லாம் எடுத்து வைத்த பிறகுதான்
துணியை நனைப்பது.

நல்ல தோலுக்குத் தண்ணீர் அதிகம் ஆகாது.
சவர்க்காரம் நுரையாக மட்டும்.
பிழிந்த துணி. மெதுவான பிரஷ்,
தையல் போகிற திசையில்.
வெயிலில் காய வைக்கக் கூடாது.
காய்ந்ததும் கிரீம், பத்து ரூபாய்க் காசளவு.
கூடப் பூசினால் கால்சட்டையில் ஒட்டும்,
ஏச்சு எனக்கு விழும்.

ரெக்சினுக்கு இந்தக் கொஞ்சல் எதுவும் வேண்டாம்.
துடைத்தால் போதும்.
ஆறேழு வருஷம் சிரித்த முகமாய் இருக்கும்,
பிறகு ஒருநாள்
வெயிலில் வெந்த தோள்போல் உரியத் தொடங்கும்.
தொடங்கினால் மருந்தில்லை,
குஷன் கடைதான்.

இரண்டையும் பிரித்தறிய
மூக்கை நம்பக் கூடாது,
தோல் வாசத்தையே போத்தலில் விற்கிறார்கள்.
நெருப்புக்குச்சி உரசிப் பார்ப்பவன்
சீட்டோடு வேலையையும் இழப்பான்.
அடியில், யாரும் பார்க்காத மடிப்பில்,
ஒரு சொட்டுத் தண்ணீர்.
தோல் என்றால் குடித்துக் கறுக்கும்.
மற்றது குடிக்காது.
சேம்பிலையில் நிற்பதுபோல் நிற்கும் சொட்டு,
கூரையையும் என் முகத்தையும்
தலைகீழாகக் காட்டிக்கொண்டு.

போன வியாழன் ஹேமசிறி ஒரு கார் கொண்டுவந்தார்.
எட்டு வருஷ ஜப்பான். பழுப்புச் சீட்.
"ஒரிஜினல் லெதர்னு சொல்லு, சீலி.
வாங்க வாறவர் அதிபர், கட்டாயம் கேட்பார்."
ஐந்நூறு ரூபாயை வைப்பருக்கடியில் செருகினார்,
பொலிஸ்காரன் தண்டச்சீட்டுச் செருகுவதுபோல்.

சொட்டு வைத்துப் பார்த்தேன்.
நின்றது.

அதிபர் அமிர்தநாயகம் மழையோடு வந்தார்.
குடையை வெளியிலேயே மடக்கியதில்
பாதி நனைந்திருந்தார்.
சீட் நனையக் கூடாதென்று
கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.
அவருடைய முதல் கார்.
இருபத்தாறு வருஷம் மஸ்கெலியா பஸ்ஸில்
நின்றே போனவர் என்றான் ரொபின்சன்.
ஸ்டியரிங்கைத் தொடவில்லை அவர்.
பக்கத்துச் சீட்டைத்தான் தடவினார்,
புறங்கையால், காய்ச்சல் பார்ப்பதுபோல்.
"அசல் தோல்தானே, தங்கச்சி?"

ஹேமசிறி போனைக் காதிலிருந்து எடுத்தார்.
ரொபின்சன் பைப்பை மூடினான்.
என் வாய்க்குள் மூன்று பதில் இருந்தது.
வெளியே வந்தது நாலாவது.
"இந்த ஊர் ஈரத்துக்கு இதில பூஞ்சணம் பிடிக்காது, சேர்."

பொய்யில்லை.
போன ஜூலையில் டாக்டரம்மாவின் அசல் தோலில்
பதினைந்து நாள் மழைக்கே
பாணில் பூப்பதுபோல் வெள்ளை பூத்தது.
அந்தச் சீட்டில் இடப்பக்கம் ஒரு கோடு உண்டு,
முள்ளுக்கம்பி கீறி ஆறிய தழும்பு.
எந்தத் தேசத்து மாடோ.
அந்த இடம் வரும்போது மட்டும்
கை தானாக மெதுவாகிவிடும்.

அதிபர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.
கேள்வி ஒன்று விடை வேறொன்று எழுதும் பிள்ளைகளை
எத்தனை பேரைப் பார்த்திருப்பார்.
பிறகு ஹேமசிறி பக்கம் திரும்பி
சிங்களத்தில், சத்தம் கூட்டாமல்,
ஒரு லட்சம் குறை என்றார்.
எழுந்து கைக்குட்டையை உருவி மடித்துப் பையில் போட்டு
ஈரக் காற்சட்டையோடு
நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.
காலையும் நீட்டிக்கொண்டார்.

எழுபதில் முடிந்தது.
போகும்போது ஹேமசிறி
வைப்பரில் இருந்த ஐந்நூறை மறக்காமல் எடுத்தார்.
ரொபின்சனின் பைப் தண்ணீரில்
அது கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது,
கிழியாமல் உரிக்க நேரம் எடுத்தது.

ஐந்தரைக்குக் கதவு இழுக்கும்போது
மூடியில் மிஞ்சியிருந்த கிரீமை
சவர்க்காரம் வெடிப்பித்த என் விரல் மொழிகளில் தேய்த்தேன்.

குடித்தது.